மதிப்பெண்ணும் ஓர் அளவுகோலே

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு நூலின் ‘நம்பர்’ என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. 840 கஜ நீளம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் இத்தகைய சிட்டங்கள் 40 இருந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். 80 இருந்தால் 80-ஆம் நம்பர் நூல். எண் கூடக்கூட நூல் மெலியும். ஆனால் நம்பரை மட்டும் பார்த்து நூலின் வலிமையை அறிய முடியுமா? முடியாது. ஒரே நம்பரில், தறியில் நாள் முழுவதும் அறாமல் ஓடும் நூலும் உண்டு. அடிக்கடி அறுந்து தொல்லை தரும் நூலும் உண்டு. வலிமையை அறிய, நூல் அறும்வரை இழுத்துப் பார்க்கும் வேறொரு சோதனை தேவை. நம்பர் பொய் சொல்வதில்லை. அது சொல்லும் செய்தி ஒன்று, நாம் கேட்கும் கேள்வி வேறு, அவ்வளவுதான்.

மாணவர் பெறும் மதிப்பெண்ணும் இத்தகைய ஓர் அளவே. மேல்நிலைப் பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டு கல்லூரியில் இடம் தருவதா, எல்லாருக்கும் பொதுவான ஒரு நுழைவுத் தேர்வைக் கொண்டு தருவதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுகளாக எழுந்துகொண்டிருக்கிறது. மேடையிலும் நீதிமன்றத்திலும் இதைப் பற்றிப் பலரும் பேசிவிட்டனர். நாம் இங்கே இதை ஓர் அளவியல் சிக்கலாக எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

இரண்டு இலக்கணங்கள்

நல்ல அளவுகோலுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. ஒன்று நம்பகம். ஒரே பொருளைப் பலமுறை அளந்தாலும் ஏறத்தாழ ஒரே விடை வரவேண்டும். மற்றொன்று ஏற்புடைமை. நாம் எதை அளக்க விரும்புகிறோமோ அதையே அது அளக்க வேண்டும். தராசு துல்லியமாக இருக்கலாம். ஆயினும் மல்லிகையின் எடையைத்தான் அது சொல்லும், மணத்தைச் சொல்லாது.

மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான தேர்வு எதை அளக்க வேண்டும்? ஐந்தரை ஆண்டுகள் பாடத்தைக் கற்று, பயிற்சி முடித்து, நல்ல மருத்துவராக வரக்கூடியவர் யார் என்பதை அளக்க வேண்டும். இதை நேரடியாக அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆகவே அதற்குப் பதிலாக வேறொன்றை அளக்கிறோம். அந்தப் பதிலி எதுவாக இருக்க வேண்டும் என்பதே வழக்கு.

தமிழ்நாடு கடந்துவந்த வழி

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கும் மதிப்பெண் இருந்தது. மொத்தம் 275-இல் 75 நேர்முகத்திற்கு. ஒரு சில நிமிட உரையாடலில் 75 மதிப்பெண்ணா என்ற ஐயத்தை எழுப்பி, அது மிகையானதாகத் தோன்றுகிறது என்று உச்ச நீதிமன்றம் பெரியகருப்பன் வழக்கில் கூறியது. நேர்முகத்தில் கேட்பவர் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். நம்பகம் குறைவு என்பதே அதன் பெருங்குறை.

1984-ஆம் ஆண்டு, எம்.ஜி.இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கும் நுழைவுத் தேர்வை 100-க்கும் கணக்கிட்டு 300-க்கு ‘கட்-ஆஃப்’ போடும் முறையைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அதாவது இரண்டு அளவுகோல்களும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்க்கப்பட்டன.

நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல இயலாத கிராமப்புற மாணவர் பின்தங்குகின்றனர் என்ற குறை வலுத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு.ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு 2006-இல் நுழைவுத் தேர்வை நீக்கப் பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்தது. பொறியியலுக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200.

மருத்துவத்தின் கதை வேறு வழியில் சென்றது. நாடு முழுவதற்குமான ‘நீட்’ தேர்வு 2013-இல் முதன்முதல் நடந்து, அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, 2016-இல் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஓராண்டுக்கு விலக்குப் பெற்ற தமிழ்நாட்டிற்கு 2017 முதல் அது கட்டாயமாயிற்று. விலக்குக் கோரி 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார்.

98 விழுக்காடும் 12 விழுக்காடும்

2017-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி தமிழ்நாட்டையே உலுக்கியது. அரியலூர் மாவட்டத்துச் சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 பெற்றிருந்தார். மருத்துவக் கட்-ஆஃப் 200-க்கு 196.75. நீட் தேர்விலோ 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி, அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரே மாணவி, ஒரே ஆண்டு, இரண்டு அளவுகோல்கள். ஒன்று 98 விழுக்காடு என்கிறது; மற்றொன்று 12 விழுக்காடு என்கிறது. எது சரி? இரண்டும் சரியே. ஏனெனில் இரண்டும் அளந்தவை வெவ்வேறு பொருள்கள்.

இங்கே ஓர் உண்மையை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் பள்ளி மதிப்பெண் என்றால் அவ்வப்போது வகுப்பாசிரியர் இடும் தரம். நம் பிளஸ் டூ மதிப்பெண் அப்படிப்பட்டதன்று. சங்கரன்கோவில் மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் ஒரே வினாத்தாள். எழுதியவர் பெயர் தெரியாமல் வேறோர் ஊர் ஆசிரியர் திருத்துவார். ஆகவே அதுவும் ஒரு பொதுத் தேர்வே. வேறுபாடு தேர்வின் தன்மையில் உள்ளது. பிளஸ் டூ பல நாள்களில் நடப்பது. மாநிலப் பாடநூலை ஒட்டியது. பெரும்பகுதி விரிவாக எழுதும் விடைகள். நீட் ஒரே நாளில் முடிவது. மத்தியப் பாடத்திட்டத்தோடு நெருங்கியது. நான்கு விடைகளில் ஒன்றை விரைந்து தேர்ந்தெடுப்பது. ஒன்றிற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தயாரானவரை மற்றொன்றால் திடீரென்று அளந்தால் என்ன கிடைக்கும்? அறிவின் அளவோடு, அந்தத் தேர்வுமுறையில் அவருக்குள்ள பழக்கத்தின் அளவும் கலந்தே கிடைக்கும்.

பள்ளி மதிப்பெண்ணின் குறைகள்

அப்படியானால் பிளஸ் டூ மதிப்பெண் குறையற்றதா? இல்லை. முதல் குறை, உச்சியில் நெரிசல். வினாத்தாள் பாடநூலை ஒட்டியே இருந்தால் நன்கு படித்த ஆயிரக்கணக்கானோர் நூற்றுக்கு நூறையோ அதன் அருகிலோ எட்டுவர். ஆறடி உயரமே உள்ள அளவுகோலால் ஆறடிக்கு மேற்பட்டவர்களை வரிசைப்படுத்த முடியாது. பின் கால் மதிப்பெண்ணிலும் அரை மதிப்பெண்ணிலும் வாழ்க்கை முடிவாகும். பொறியியல் தரவரிசையில் எல்லாமே சமமாகிவிட்டால் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். அதுவும் சமமானால் சமவாய்ப்பு எண். கால் மதிப்பெண் வேறுபாடு திறமை வேறுபாடன்று. ஒரே விடைத்தாளை இரு ஆசிரியர் திருத்தினால் அதைவிடக் கூடுதலான வேறுபாடு எளிதில் வரும்.

இரண்டாவது குறை, அளவுகோலே இலக்காகிவிடுவது. எந்த ஓர் எண்ணைக் கொண்டு பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ அந்த எண்ணை வளைக்கும் முயற்சியும் பெருகும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலர் டொனால்டு காம்ப்பெல் 1970-களில் எடுத்துரைத்தார். தமிழ்நாட்டில் இது கண்கூடு. கட்-ஆஃப் ஒன்றே குறியாக இருந்த ஆண்டுகளில் பல உறைவிடப் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. அந்தப் பள்ளிகளின் கட்டணம் சாதாரண நெசவுக் குடும்பத்திற்கு எட்டாதது. ஆகவே நீட் வருமுன்பும் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்லூரியில் சிலராகவே இருந்தனர். பதினோராம் வகுப்பிற்கு 2018-இல் அரசுப் பொதுத் தேர்வு வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரு வாரியங்களைச் சமன் செய்வது எப்படி?

மூன்றாவது சிக்கல், வெவ்வேறு வாரியங்களில் படித்தவர்களை ஒப்பிடுவது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, மற்ற வாரியத்தில் 90 என்று கொள்வோம். அந்த 90-ஐ 100-க்குச் சமமாக்க வேண்டும். அப்படியானால் அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 கிடைக்கும்.

இது எளிய முறை. ஆனால் உச்சியில் உள்ள ஒரே ஒருவரை நம்பி நிற்கிறது. புள்ளியியலார் வேறு முறை கூறுவர். சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதைத் திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்வதே திட்ட விலக்கம். கற்பனையாக, முதல் வாரியத்தின் சராசரி 60, திட்ட விலக்கம் 15. இரண்டாவதில் சராசரி 50, திட்ட விலக்கம் 10 என்று கொள்வோம். இரண்டாவது வாரியத்தில் 70 வாங்கியவர் சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கங்கள் மேலே நிற்கிறார். முதல் வாரியத்தில் அதே இடம் 60 + 30 = 90. சட்டத்தின் முறைப்படி அவருக்குக் கிடைப்பதோ 77.8. ஒரே மாணவருக்கு இரண்டு கணக்குகள். இடையே 12 மதிப்பெண்!

இரண்டாவது முறையே சிறந்தது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். இரு குழுவினரின் திறமையும் சராசரியில் சமம் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அனுமானம் தவறானால் கணக்குச் சரியாக இருந்தும் நியாயம் தவறும். இதற்கு இலங்கை ஒரு பாடம். அங்கே 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான மதிப்பெண்களைப் பயிற்றுமொழிவாரியாகத் ‘தரப்படுத்தினர்’. தமிழில் எழுதியவர் இடம்பெறச் சிங்களத்தில் எழுதியவரைவிடக் கூடுதலான மதிப்பெண் பெறவேண்டியதாயிற்று. அது விளைத்த மனக்கசப்பு அந்நாட்டின் வரலாற்றையே மாற்றியது. எந்தக் குழுவை எந்தக் குழுவோடு சமமென்று கொள்வது என்பதைக் கணிதம் சொல்லாது. மனிதரே முடிவு செய்கின்றனர்.

ஒரு நாள் தேர்வின் குறைகள்

இனி நீட் போன்ற தேர்வை ஆராய்வோம். 180 வினாக்கள், சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 குறைப்பு. ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைக் குறித்தால் என்ன ஆகும்? நான்கில் ஒரு முறை 4 கிடைக்கும். மூன்று முறை 1 போகும். நான்கு வினாக்களுக்கு நிகர வரவு 1. ஒரு வினாவிற்குச் சராசரி கால் மதிப்பெண். அதாவது, குருட்டு ஊகத்திற்கும் சிறிது கூலி உண்டு! இந்த நுணுக்கத்தை முன்பே அறிந்தவர் ஒரு வினாவையும் விடமாட்டார். பயிற்சி பெறாதவர் அஞ்சி விட்டுவிடுவார்.

இன்னும் ஒரு படி செல்வோம். ஒருவர் 20 வினாக்களுக்கு ஊகத்தால் விடை குறிக்கிறார். சராசரியாக அவருக்கு 5 மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 10. அதாவது ஒருவருக்கு 15 கிடைக்கும். அதே அறிவுடைய மற்றொருவர் 5-ஐ இழப்பார். இடைவெளி 20. 2024-இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினர். மைனஸ் 180 முதல் 720 வரையுள்ள எல்லா மதிப்பெண்ணிலும் அவர்களைச் சமமாகப் பரப்பினால்கூட ஒரு மதிப்பெண்ணில் 2,500 பேர் நிற்பர். அப்படியானால் 20 மதிப்பெண் என்பது 50,000 இடங்கள்! அந்த இடைவெளி முழுவதும் தற்செயலால் வந்தது.

அதே 2024-இல் முதலில் 67 பேர் 720-க்கு 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டது. கருணை மதிப்பெண்கள் நீக்கப்பட்டு, ஓர் இயற்பியல் வினாவிற்கு ஒரே விடைதான் சரி என்று தீர்மானிக்கப்பட்டதும் அந்த எண்ணிக்கை 17 ஆகக் குறைந்தது. மாணவர்களின் அறிவு இந்த இடைக்காலத்தில் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

பயிற்சியின் பங்கும் பெரிது. ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே.இராஜன் தலைமையிலான குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களுள் மீண்டும் தேர்வு எழுதியவர் 2016-17-இல் சுமார் 12 விழுக்காடு. 2020-21-இல் சுமார் 71 விழுக்காடு. ஓராண்டு வீட்டிலிருந்து படிக்கவும் பயிற்சிக் கட்டணம் கட்டவும் யாரால் இயலும்? சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே தங்கிப் பயில, அறைவாடகையும் உணவும் வேறு. ஒரே அறிவுடைய இரு மாணவருள் ஒருவர் ஒரு முறையும் மற்றவர் மூன்று முறையும் அளக்கப்பட்டு, மற்றவரின் சிறந்த அளவு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டால் அது சமமான ஒப்பீடு ஆகாதல்லவா?

ஆயினும் பொதுத் தேர்வின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பல வாரியங்கள், பல மாநிலங்கள் கொண்ட நாட்டில் எல்லாரையும் ஒரே வினாத்தாளில் பார்க்க அது உதவுகிறது. ஒவ்வொரு தனியார் கல்லூரியும் தனித்தனித் தேர்வும் தனித்தனி வசூலும் நடத்தி வந்த நிலைக்கும் அது முற்றுப்புள்ளி வைத்தது.

எது முன்னறிவிக்கிறது?

எந்த மதிப்பெண் கல்லூரியில் வரும் வெற்றியைச் சரியாக முன்னறிவிக்கிறது என்று ஆராய்ந்து பார்த்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் 1926 முதல் நடந்துவரும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பற்றி இத்தகைய ஆய்வுகள் ஏராளம். கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வு, பள்ளித் தரமே சிறந்த முன்னறிவிப்பான் என்றது. அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு 2020-இல், தேர்வு மதிப்பெண்ணே இப்போது மேலானது என்றது. பல்கலைக்கழகம் அதே ஆண்டில் தேர்வைக் கைவிட முடிவு செய்தது. மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகமோ நிறுத்தி வைத்திருந்த தேர்வை 2022-இல் மீண்டும் கேட்கத் தொடங்கியது.

இத்தகைய ஆய்வில் ஒரு பொறியும் உண்டு. நல்ல கைப்பந்துக் குழுவில் உயரத்திற்கும் ஆட்டத் திறனுக்கும் தொடர்பு உள்ளதா என்று பாருங்கள். பெரிதாகத் தெரியாது. காரணம், உயரமானவர்களை மட்டுமே முன்பே பொறுக்கி எடுத்துவிட்டோம். கல்லூரிக்குள் வந்தவர்களை மட்டும் ஆராயும்போதும் இதே குழப்பம் நேரும். உள்ளே விடப்படாதவர் எப்படிப் படித்திருப்பார் என்பது எந்தப் பட்டியலிலும் இராது.

செய்யக்கூடியவை

இந்த ஆராய்ச்சியிலிருந்து சில தெளிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகளையுடைய அளவுகளைச் சேர்த்தால் பிழை குறையும். நான்கு அளவுகளின் சராசரியில் பிழை பாதியாகும். எனவே ஒரே நாள், ஒரே தாள் என்பது எப்போதும் பலவீனமான முறை.

இரண்டாவது, மாணவரை அவர் படித்த சூழலோடு வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-இல் ஒரு சட்டம் இயற்றியது: ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம். தமிழ்நாடு 2020-இல் நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. அவ்வாண்டே நானூறு அளவிலான மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அளவுகோலை மாற்றாமல், யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதை மட்டும் மாற்றியதன் விளைவு இது.

மூன்றாவது, பிழை எல்லைக்குள் அடங்கும் வேறுபாட்டை வேறுபாடாகவே கொள்ளக்கூடாது. இயற்பியல் ஆய்வகத்தில் ‘9.8, கூட்டல் கழித்தல் 0.1’ என்று எழுதப் பழகுகிறோம். மதிப்பெண் பட்டியலில் மட்டும் அந்தக் ‘கூட்டல் கழித்தல்’ அச்சாவதில்லை. அச்சாகாததால் அது இல்லையென்று ஆகிவிடாது.

மாணவர்களே, அடுத்த முறை மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும்போது, அந்த எண்ணின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் ‘கூட்டல் கழித்தல்’ குறியையும் சேர்த்துப் படியுங்கள். அது குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு தாளில் நீங்கள் செய்ததன் அளவு. உங்கள் அளவு அன்று. பெற்றோரும் ஆசிரியரும் இதையே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். முடிவு வெளியாகும் நாளில் மட்டுமன்றி, அதற்கு வெகு முன்பிருந்தே சொல்ல வேண்டும்.